நான் வராத நாலு நாள்

எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அறைக்கு வெளியே, சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதன் முன்னால் கார்டைக் காட்டினால் ‘பீப்’ என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும். நாம் வேலைக்கு வந்தாகிவிட்டது என்று அர்த்தம். காட்டினாலே போதும் என்றாலும் நாங்கள் எல்லோரும் கார்டை அந்தப் பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டுவோம். அதனால் எங்களுக்குள் அதற்குப் பெயரே ‘தட்டுறது’. வேனை விட்டு இறங்கும்போது ஒருத்திக்குச் செருப்பு அறுந்துபோனால், அல்லது டீக்கடையில் நின்றுவிட்டால், முன்னால் போகிறவளிடம் கார்டைக் கொடுத்து “தட்டிடுடி” என்பாள். வேனில் இடம் பிடித்து வைக்கச் சொல்வதைப் போலத்தான் அதுவும். தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீர் பாட்டிலுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் பதினோரு வருடமாகப் பேக்கிங்கில் இருக்கிறேன். மூடிகளை எடை போட்டு, கவரில் கட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு சீட்டு வைத்து டேப் ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டில் பேக் செய்தவரின் நம்பர் இருக்கும். என் நம்பர் இருபத்தேழு. எடை குறைந்தாலோ அழுக்கு மூடி கலந்திருந்தாலோ நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். பதினோரு வருடத்தில் என்னை மூன்று முறைதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இருபத்தெட்டாம் நம்பர் என் தோழி. வேனிலும் எனக்குப் பக்கத்து சீட்டு. ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திரா எல்லையோரத்து ஊர்க்காரி. பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்; பணத்தை ‘டப்பு’ என்பாள். நான் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை அவள் வேன் கிளம்புவதற்குள் பேசி முடித்துவிடுவாள். என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எனக்கு அவளோடு சௌகரியமாக இருந்தது.

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில், வேன் கம்பெனி வாசலில் நின்றதும் நான் இறங்கிப்போய்ச் சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தேன். இரண்டு நாளாகவே காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. சோறு உள்ளே போகவில்லை. தோழி என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி இது, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குது? உள்ள வந்து மூடி மேல வாந்தி எடுத்து வெச்சிடாத. அத்த வேற நான்தான் கழுவணும். டாக்டராண்ட போ மொதல்ல.”

நான் கார்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். “தட்டிடு. ஊசி போட்டுக்கினு பத்து மணிக்குள்ள வந்துட்றேன்” என்றேன்.

இதை நான் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். முதல் நாள் கார்டைக் கொடுத்தது நான்தான்.

தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் டாக்டர் அம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். “வேலைக்குப் போகாதீங்க, வீட்டுக்குப் போங்க” என்று கம்ப்யூட்டரில் ஏதோ அடித்து, அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு ஓய்வு என்று சான்றிதழ் எடுத்துக் கொடுத்தார். நான் பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

தோழி போன் செய்தாள். “கார்டு எங்கிட்டயே கெடக்கட்டும். நாளிக்கி வந்துருவ இல்ல?”

“வந்துருவேன்.”

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இதே கேள்வி, இதே பதில். வியாழக்கிழமை சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மஞ்சள் காமாலை. ஒரு மாதத்துக்கு மேல் வேலையை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தோழி என் கார்டைச் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, எனக்கு உடம்பு சரியில்லை என்று முறையாகச் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தைய மூன்று நாளும் அவள் அதைக் காலையிலும் மாலையிலும் தட்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை என்று சொல்வதுதான் சரி.

காமாலை வந்தவர்களுக்குத் தெரியும், வலி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. உடம்பிலிருந்து யாரோ ஆளை வெளியே எடுத்துவிட்டது போல இருக்கும். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கை நடுங்கும். எண்ணெய் வாசனை பட்டால் குமட்டும். என் வீட்டுக்காரர் காலையில் கஞ்சி வைத்து, மோரை ஊற்றி மூடி வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார். அவருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாத வாரம் வீட்டில்தான். மகள் திருவள்ளூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். என் சம்பளம் நின்றால் அவள் படிப்புதான் முதலில் ஆடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர்தான் ஒரு நாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறாங்க இல்ல, நோவுல படுத்தா அதுலேர்ந்து குடுப்பாங்களாம். எங்காளு ஒருத்தன் காலு ஒடிஞ்சி வாங்கினான். ஆனா இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் போடணுமாம்.”

“எனக்குத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமா? சென்டர்ல போய்க் கேளு.”

மூன்றாவது வாரம், கொஞ்சம் நடக்க முடிந்ததும், கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிறவர் பழவேற்காட்டிலிருந்து வந்த முஸ்லிம் அம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். கறுப்பு புர்காவும் மூக்கில் வழிகிற கண்ணாடியுமாக, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டே மூன்றாவது ஆளைத் திட்டிக்கொண்டிருப்பார். நல்லவர், ஆனால் குரல் மட்டும் மீன் ஏலம் விடுகிற குரல். அவர் கேட்கிற கேள்வி எதிர்க் கடை வரைக்கும் கேட்கும். நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லவே இரண்டு பேரை எனக்கு முன்னால் விட்டேன்.

என் காப்பீட்டு எண்ணை அடித்ததும், “ஓடிபி வந்துச்சாக்கா?” என்றார்.

என் போனில் ஒன்றும் வரவில்லை.

“இந்த நம்பர் யாருது?” என்று கடைசி எண்களைப் படித்தார். என் வீட்டுக்காரருடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவருடைய போனோ, மின் நிலைய வாசலில் வாங்கி வைத்துக்கொண்டால் சாயங்காலம்தான் திரும்பத் தருவார்கள்.

“ஒம் போன் நம்பர் இன்னான்னு கேட்டா ஊட்டுக்காரன் நம்பரக் குடுக்கறது நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு நோவுக்கா. இதுக்கும் சேர்த்து சர்ட்டிபிகேட் வாங்கினு வா” என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் போனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். இந்த முறை எல்லாம் திறந்தது. டாக்டர் அம்மா கொடுத்த சான்றிதழ்கள் தாமாகவே திரையில் வந்து நின்றன. வங்கிக் கணக்கு சரி. கடைசியில் ஒரு சின்னக் கட்டம், அதன் பக்கத்தில் ஒரு வரி. சென்டர் அம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

“படிச்சிப் பாத்து நீயே கிளிக் பண்ணுக்கா. இது ஒன்னோட உறுதிமொழி. நான் பண்ணக் கூடாது.”

மேற்கண்ட நாட்களில் நான் பணியிலிருந்து விலகி இருந்தேன் என்று இருந்தது. எனக்குக் கை வரவில்லை. இரண்டு தரம் படித்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

“இன்னாக்கா?”

மெதுவாகக் கேட்டேன். “விலகினேன்னு போட்டா வேலய விட்டுட்டேன்னு ஆயிடாதா? நான் மறுபடி போவணுமே.”

“யா அல்லா!” என்று அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “வேலய விட்டு நின்னுட்டேன்னு இல்லக்கா. வேல செய்யாம ஊட்டுல படுத்துக்கினு இருந்தேன்னு அர்த்தம். நீ அந்த நாள்ல வேல செஞ்சியா?”

“இல்ல.”

“ஒரு நாளு கூட?”

“ஒரு நாளு கூட இல்ல.”

“அப்புறம் இன்னா பயம்? தட்டு.”

தட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் சென்டருக்குப் போனேன். சென்டர் அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“திருப்பி அனுப்பிட்டாங்க. கம்பெனி கணக்குப்படி மொத நாலு நாளு நீ வேலைக்கு வந்துருக்க. காலைல உள்ள, சாயங்காலம் வெளிய, டயத்தோட இருக்குது. ஒரு நாளு கூட இல்லன்னு சொன்னியேக்கா? பொய்யின்னு ஆச்சுன்னா பேஜாரு. டப்பும் வராது, வேலைக்கும் ஒல வெச்சிடுவான்.”

அவர் மிரட்டவில்லை, கவலையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் அவர் குரல்தான். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘பீப்’ சத்தம் என் காதில் கேட்டது. என்ன நடந்திருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கம்பெனி டைம் ஆபீசில் பதிவைத் திருத்தி, நான் வரவில்லை என்று கடிதம் கொடுத்தால்தான் இனிமேல் நடக்கும் என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு வந்தாள். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வயல் வரப்பில் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து, அவளே அரைத்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தவள். இந்த முறையும் கையில் கீரைக்கட்டு இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“ஆமா, தட்டினேன். நாளிக்கி வரேன், நாளிக்கி வரேன்னு நீதான சொல்லிக்கினே இருந்த? ஒரு நாள் போனாலும் அட்டெண்டன்ஸ் டப்பு போயிடுமேன்னு தட்டினேன். கொல குத்தமா பண்ணிட்டேன்?”

“டாக்டர் லீவு எழுதிக் குடுத்துருக்காங்களே.”

“அதுக்கு இன்னா? நாலு நாளு நீ வேல செஞ்சேன்னு மெஷினே சொல்லுது. மெஷின விட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா? ஆமான்னு சொல்லிட்டுப் போயேன்.”

“அந்தக் கட்டத்துல நான் தட்டிட்டேன். ஒரு நாளும் வேல செய்யலன்னு.”

அவள் கீரைக்கட்டை அவிழ்த்து, பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

“எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கீது. லைன்ல போன் பேசினதுக்கு. இன்னொண்ணு வந்துச்சின்னா வெளியதான் நிக்கணும்” என்றாள். “பாத்து செய்யி.”

சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபமாவது வந்திருக்கும்.

அவள் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார். “இதுல யோசிக்க இன்னா கீது? நீயா தட்டின? தட்டினவ பேரச் சொல்லிடு.”

“மொத நாளு கார்டக் குடுத்தது நான்.”

அவர் எழுந்து, தோழி ஆய்ந்து வைத்திருந்த கீரையை எடுத்துக் கழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போனேன். கார்டு இல்லாததால் செக்யூரிட்டி எனக்கு ‘விசிட்டர்’ என்று எழுதிய சீட்டைக் குத்தி உள்ளே விட்டார். டைம் ஆபீஸ் என்பது எங்கள் வருகையும் சம்பளமும் பார்க்கிற அறை. அங்கே இருக்கிற சார் வயதானவர், குரல் உயர்த்த மாட்டார், நக்கலாகப் பேசுவார். சென்டர் அம்மா அச்சடித்துக் கொடுத்த தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னாம்மா, இங்க பாத்தா வேல செஞ்சிருக்க, அங்க பாத்தா நோவுல படுத்துருக்க. ரெட்டைப் பொறப்பா நீ?”

“வரல சார்.”

“கார்டு வந்துருக்குதே?”

நான் தரையைப் பார்த்தேன்.

“யார் தட்டினது?”

நான் தரையையே பார்த்தேன்.

“கேமராவுல பாக்கலாம்னா பதினஞ்சி நாளுக்கு மேல இருக்காது, அழிஞ்சிடும். நீதான் சொல்லணும். பேரச் சொல்லு, கடுதாசியில கையெழுத்துப் போட்டுத் தரேன். சொல்லலன்னா, நீ வரலன்றதுக்கு இன்னா அத்தாட்சி? நான் எத்தப் பாத்துக் கையெழுத்துப் போட்றது? வெளிய ஒக்காந்து யோசி.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பேக்கிங் ஷெட்டின் பக்கவாட்டுக் கதவு தெரியும். பத்தரை மணி டீக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். தோழி என்னைப் பார்த்தாள், டீ கிளாஸைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். டீயை முழுதாகக் குடித்தாளா என்று தெரியவில்லை.

ஒரு பேரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் பேரை நான் சொல்லத் தயாராக இருந்தேனா என்று இப்போது யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரு தடவை எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். மகள் முந்தின நாள் போனில், “பணம் கட்ட இன்னும் நாள் இருக்குதும்மா, நீ உடம்பப் பாரு” என்று சொல்லியிருந்தாள். நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டீ நேரம் முடிந்து ஷெட்டில் மறுபடி வேலை ஆரம்பித்தது. டேப் இழுக்கிற சத்தம் வந்தது. ‘கிர்ர்’ என்று இழுத்து, ‘டப்’ என்று அறுப்பது. பதினோரு வருடமாக நான் செய்கிற சத்தம். மூடி, கவர், பெட்டி, சீட்டு, டேப். சீட்டு என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். சார் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அந்த அறைக்குள் போனேன்.

“சார், இருபத்தேழு பாருங்க.”

“இன்னா இருபத்தேழு?”

“பேக்கிங் சீட்டு சார். என் நம்பரு. பெட்டி ஒவ்வொண்ணுக்கும் சீட்டு வெப்போம். ஸ்டோர்ல நம்பர் போட்டு எழுதிக்குவாங்க. நான் வந்திருந்தா பெட்டி இருக்கும். அந்த நாலு நாளு இருக்காது.”

இவ்வளவு பேசியதும் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என்னைப் பார்த்தபடியே போனை எடுத்து ஸ்டோருக்கு அடித்தார். அங்கே நோட்டைப் புரட்டுகிற நேரம் முழுக்க நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திங்கள், இல்லை. செவ்வாய், இல்லை. புதன், வியாழன், இல்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை வரைக்கும் இருபத்தேழாம் நம்பர் பெட்டிகள் இருந்தன. திங்களிலிருந்து ஒரு பெட்டி கூட இல்லை.

சார் போனை வைத்தார். “சரி. நீ வரல. இது அத்தாட்சி. கார்டு மட்டும் எப்டி வந்துச்சி? கால் மொளச்சி நடந்து வந்துச்சா?”

“கார்ட நான்தான் சார் மொத நாளு வேற கையில குடுத்தேன். தப்பு என்னுது.”

“எந்தக் கையி?”

மறுபடியும் தரை. அந்த அறையின் தரையில் எத்தனை டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அவர் இழுப்பறையைத் திறந்தார். “பதினோரு வருஷத்துல இன்னிக்கித்தான் நீ ரெண்டு வார்த்த பேசி நான் கேக்கறேன். மூணாவது எங்க வரப்போவுது” என்று ஒரு படிவத்தை எடுத்தார். மெமோ. வருகை அட்டையைப் பிறரிடம் ஒப்படைத்த குற்றம், என் பேருக்கு. அந்த நாலு நாள் சம்பளமும் வருகைப் படியும் பிடித்தம். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் பதிவைத் திருத்தி, கடிதம் அடித்து, சீல் வைத்துக் கொடுத்தார். என் பேரில் அதற்கு முன்னால் ஒரு மெமோவும் இருந்ததில்லை. வாசலுக்கு வந்து ‘விசிட்டர்’ சீட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

சென்டர் அம்மா கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றினார். அதோடு, “மொதல்ல ஒம் நம்பர மாத்துக்கா” என்று என் போன் எண்ணையும் பதிவு செய்ய வைத்தார். மறுபடி அதே கட்டம் வந்தது. விலகி இருந்தேன். இந்த முறை அவர் சொல்வதற்கு முன்னாலேயே தட்டினேன்.

பணம் வந்த செய்தி என் போனுக்கே வந்தது. மகள் அந்த வருடத்துப் படிப்புப் பணத்தைக் கட்டி முடித்தாள். டாக்டர் அம்மா வேலைக்குப் போகலாம் என்று கடைசிச் சான்றிதழ் கொடுத்த மறுநாள் நான் வேனில் ஏறினேன்.

நான் இல்லாத நாட்களில் கம்பெனியில் புது விதி வந்திருந்தது. கார்டைப் போட்டோவோடு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், கழற்றக் கூடாது. தட்டும்போது செக்யூரிட்டி பக்கத்தில் நின்று முகம் பார்ப்பார். வேனில் எல்லோரும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எவளோ பண்ண வேலைக்கு நம்ம கழுத்துல கயிறு மாட்டிட்டானுங்க, மாட்டுக்கு மாட்றா மாதிரி” என்றாள் பின் சீட்டில் ஒருத்தி.

தோழி என் பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேம்பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

“மெமோவுல இன்னா எழுதுனான்?”

“கார்டு குடுத்தேன்னு.”

“யாருக்குன்னு கேக்கலியா?”

“கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் எப்ப பேசினேன்?”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, “நாலு நாளு, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, எட்டு வாட்டி ஒனக்காகத் தட்டிக்கீறேன். எல்லாம் வேஸ்டு” என்றாள். பிறகு தன் டப்பாவைத் திறந்து, தட்டில் எண்ணெய் கூடத் தடவாமல் அவித்த இரண்டு இட்லியை எனக்கு எடுத்து வைத்தாள். எனக்கு எண்ணெய் ஆகாது என்பதை அவள் மறக்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

கம்பெனி வாசலில் இறங்கினோம். கார்டுக் கயிறு நீளம் போதாது. பெட்டி தாழ்வாக இருப்பதால் தட்டுவதற்கு ஒவ்வொருத்தியும் குனிய வேண்டியிருக்கிறது. அவள் முன்னால் போய்க் குனிந்து தட்டினாள். உள்ளே போகாமல் நின்று, என் சாப்பாட்டுப் பைக்குக் கையை நீட்டினாள். நான் பையைக் கொடுத்துவிட்டுக் குனிந்தேன்.